கடலைமிட்டாயின் வயது

வணக்கம் ஐயா,

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் கொடுத்தார். எனக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். இப்போது வயது 58. சிறுவயதில் தாத்தா கோவில்பட்டிக்குப் போனால் காகிதத்தில் பொதிந்து வாங்கி வருவார். அந்த ருசி இதில் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் முன்னோர் கண்டுபிடித்த பண்டத்தை இந்தத் தலைமுறை கெடுத்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. வீட்டில் புலம்பியபோது என் மகள், "நிலக்கடலையே வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே அப்பா" என்கிறாள். அப்படியா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

மகள் சொல்வதுதான் சரி. நிலக்கடலையின் பிறந்த வீடு தென்னமெரிக்கா. பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடக்கும் சேருகிற பகுதி என்கிறார்கள். கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் ஏறித்தான் அது ஆசியாவுக்கு வந்தது. ராஜராஜ சோழனுக்கு எள்ளுருண்டை கிடைத்திருக்கும், கடலைமிட்டாய் கிடைத்திருக்க வழியே இல்லை.

வந்த பிறகும் அது உடனே தின்பண்டமாகிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பயிரானது எண்ணெய்க்காக. புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. நாம் கொறித்ததை விட வெள்ளைக்காரன் சோப்பு போட்டுக் கரைத்ததுதான் அதிகமோ என்னவோ.

அப்புறம், வெல்லம். புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடும்போது, அவன் முன்னோர்கள் இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். ஆக, மிட்டாயில் இருக்கும் இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. ஒன்று ரொம்ப முன்னால், இன்னொன்று நேற்று.

கோவில்பட்டியில் இந்த மிட்டாய்க்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1940களில் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடாரை. அதற்கு முன்பு பனை மரங்கள் நிறைந்த அந்த வட்டாரத்தில் திருவிழா சமயத்தில் கருப்பட்டி போட்டுச் செய்வார்களாம். அவர் கரும்பு வெல்லத்துக்கு மாற்றி, நாள்தோறும் விற்கிற சரக்காக்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா டவுசர் போட்ட பையனாக இருந்தபோது அவருக்கு இதை வாங்கிவர யாரும் இருந்திருக்க முடியாது. அவர் உங்களுக்கு வாங்கி வந்தது, அவர் நடுவயதில் பார்த்த ஒரு புதுப் பண்டம். எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் பிடித்திருக்கிறது.

2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றுவட்டாரக் கரிசல் மண்ணில் விளைகிற கடலை, தேனி, சேலம் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று காரணங்கள் சொன்னார்கள். தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பாகு காய்ச்சும்போது தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. இதை நான் சொன்னதாகக் கோவில்பட்டியில் சொல்லிவிடாதீர்கள். காற்றின் வறட்சியைத்தான் நான் நம்புவேன். தீப்பெட்டித் தொழிலுக்கு அந்த ஊர் தோதாக இருப்பதும் அந்த வறட்சியால்தான். வெல்லப் பாகு ஈரத்தை இழுக்கிற சரக்கு, ஈரக்காற்றில் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

பாகு காய்ச்சுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கரைத்து வடிகட்டிய வெல்லம் கொதித்து, பெரிய குமிழ்கள் அடங்கிச் சின்னதாக நுரைக்கும்போது, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார். எடுத்துக் கடித்தால் பல்லில் ஒட்டக் கூடாது, கண்ணாடி மாதிரி உடைய வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் கசப்பேறிவிடும். சரியான நேரத்தில் இறக்கி, வறுத்துத் தோல் புடைத்து இரண்டாகப் பிளந்த பருப்பைக் கொட்டிக் கிளறி, மாவு தூவிய பலகையில் கட்டையால் தேய்ப்பார்கள். சூடு இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், ஆறினால் கண்டபடி நொறுங்கும். மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயமேற்றிய தேங்காய்த் துருவல். சிறுவயதில் எனக்கு அந்தத் துருவலைத் தனியாகப் பொறுக்கித் தின்கிற பழக்கம் உண்டு. அதில் ருசி ஒன்றும் பெரிதாக இல்லை, கலருக்காகத்தான்.

சரி, உங்கள் பாக்கெட்டுக்கு வருகிறேன். பழைய ருசி இல்லை என்பதை வெறும் ஏக்கம் என்று நான் தள்ளமாட்டேன். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சிலர் பாகில் குளுக்கோஸ் சிரப் சேர்க்கிறார்கள். பாகு பூத்துப்போகாமல் இருக்கும், ஆனால் வெல்லத்தின் வாசம் குறையும். பாக்கெட்டின் பின்பக்கம் படித்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, நாள். கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய். வறுத்த கடலை காற்றும் சூடும் பட்டு நாள்கணக்கில் கிடந்தால் காறல் வந்துவிடும். உங்கள் தாத்தா வாங்கியது அநேகமாக அந்த வாரம் போட்ட மிட்டாய். உங்கள் கைக்கு வந்தது எத்தனை குடோன் பார்த்துவிட்டு வந்ததோ!

முன்னோர் கண்டுபிடித்ததை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்கிற முடிவுக்கு வருவதற்கு முன், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பின்கட்டில் அடுப்பு எரிகிற கடையாகப் பார்த்து, அன்றைக்குப் போட்டதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓசூருக்குக் கொண்டு வந்ததும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.