மைனஸ் 30-ல் டீசல் வண்டி

கனடாவில் எட்மண்டன் வந்து மூன்று மாதம் ஆகிறது, பழைய டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறேன், அடுத்த வாரம் மைனஸ் 30 என்கிறார்கள், டீசல் உறைந்துவிடுமா, கிருஷ்ணாயில் கலக்கலாமா அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம் தம்பி. ஆனால் குளிர் இறங்குவதற்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

நான் இப்போது விடுமுறையில் அம்பத்தூர் வீட்டில் இருக்கிறேன். மார்கழிக் காலையில் அம்மா தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்திருக்கிறார். 21, 22 டிகிரிக்கே அது வெள்ளையாகக் கட்டிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டீசலும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிர் கூடக் கூட முதலில் கலங்கும், பிறகு மெழுகுத் துகள்கள் ஃபில்டரை அடைத்துவிடும். டேங்கில் இருப்பது முழுதாக உறைய வேண்டியதே இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகும், குழாயில் மிச்சமிருந்த டீசல் தீர்ந்ததும் நின்றுவிடும்.

எட்மண்டன் பங்க்குகளில் இப்போது கிடைப்பது குளிர்கால டீசல், அந்த ஊர்க் குளிரைத் தாங்குவது. சிக்கல் வேறு இடத்திலிருந்து வரும். என் முதல் குளிர்காலத்தில் கடலோர வான்கூவரில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். அங்கே மழை, பிளஸ் 5. மலையைத் தாண்டி, ராத்திரி ஹிண்டன் என்ற ஊரில் தங்கினோம். விடியற்காலை மைனஸ் 28. வண்டி ஸ்டார்ட் ஆகி, ஊர் எல்லையைத் தாண்டியதும் நின்றது. பின்சீட்டில் ஆறு மாதக் குழந்தை. இழுவை வண்டி வரும்வரை அவளை என் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். சூடான ஷெட்டில் அரை நாள் நிறுத்தி, ஃபில்டர் மாற்றிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. கடலோர டீசல் மலைக்கு அந்தப் பக்கத்துக் குளிருக்கு ஆகாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே வண்டியை விற்றவரிடம் கடைசியாக எங்கே, எப்போது டீசல் போட்டார் என்று கேளுங்கள். செப்டம்பரில் போட்டது என்றால், குளிர் வருவதற்குள் ஓட்டித் தீர்த்துவிட்டு எட்மண்டனிலேயே புதிதாக நிரப்புங்கள். மெழுகு கட்டாமல் தடுக்கும் ஆன்டி ஜெல் மருந்து ஊற்றுவதாக இருந்தால், டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். முதலில் மருந்து, அதன் மேல் டீசல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். மெழுகு கட்டிய பிறகு அது உதவாது, கட்டியதைக் கரைக்க விற்கும் அவசர மருந்து வேறு.

வண்டியின் முன்பக்கம் தொங்கும் வயர் பிளாக் ஹீட்டருடையது. கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு பிளக்கில் செருகுங்கள். எஞ்சினைத்தான் அது சூடாக்கும், டேங்கை அல்ல. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிருஷ்ணாயில் வேண்டாம். லடாக் பக்கம் லாரிக்காரர்கள் கலந்து ஓட்டியது உண்மைதான், மெழுகு கட்டுவதும் தள்ளிப்போகும். ஆனால் இப்போதைய எஞ்சின்களில் டீசல் பம்ப்புக்கு டீசலே மசகு. அது நீர்த்தால் பம்ப் தேயும், செலவு உங்களால் தாங்க முடியாது. லடாக்கிலேயே 2019-ல் மைனஸ் 33 வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்துவிட்டது. பெட்ரோல் கலப்பதோ, டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதோ கூடவே கூடாது.

அப்புறம், ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், அதுவும் உறைந்து அடைக்கும். டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள். உங்கள் வண்டிக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவம் தனியாக ஊற்ற வேண்டியிருந்தால், அது மைனஸ் 11-லேயே உறையும். பதறாதீர்கள், அதற்கு வண்டியிலேயே ஹீட்டர் இருக்கிறது, அதில் எதையும் கலக்க வேண்டாம்.

ஒரு ஃபில்டர் கூடுதலாக வாங்கி, இரண்டு கம்பளியோடு வண்டியில் போட்டுவையுங்கள். எந்த வருட மாடல் என்று எழுதுங்கள், ஃபில்டர் எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். பொங்கல் முடிந்து திரும்பியதும் நானே வந்து மாற்றிக் காட்டுகிறேன்.