குரோம் புண்ணும் காண்ட்ராக்டரின் காகிதமும்

கேள்வி: என் கணவர் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் காண்ட்ராக்டர் மூலம் ஆறு வருடமாக டிரம் வேலை (தோலை ரசாயனத் தண்ணீரில் சுழற்றும் வேலை) பார்க்கிறார். விரல் மூட்டில் குழி குழியாகப் புண், ஆறவே இல்லை. இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை. தானாகவே நின்றுவிட்டதாக எழுதிக் கொடுத்தால் இருபதாயிரம் தருவதாகச் சொல்கிறார் காண்ட்ராக்டர். வாங்கலாமா?

பதில்: கையெழுத்து மட்டும் போட விடாதீர்கள் அம்மா. இழப்பீடே வேண்டாம் என்று எழுதி வாங்கினால் அது சட்டப்படி செல்லாது. ஆனால் 'தானாக நின்றேன்' என்ற காகிதத்தைக் காட்டியே வழக்கை இழுத்தடிப்பார்கள்.

குரோமிய ரசாயனம் கலந்த குரோம் தண்ணீரில் வெறுங்கையால் தோலைப் புரட்டுகிறவர்களுக்கு நகக்கண்ணிலும் மூட்டிலும் இப்படி வட்டமாகக் குழிந்த புண் வருவதுண்டு. அவ்வளவாக வலிக்காது, அதனாலேயே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். இது அதுதானா என்று தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சீட்டில் வெறுமனே 'அலர்ஜி' என்று இருந்தால் போதாது. என்ன வேலை, எத்தனை வருடம், எந்த ரசாயனம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பாதி வழக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

குரோமியத்தால் வரும் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை செய்திருந்தால், வேலையால்தான் நோய் வந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர்கள் பாடு.

சரி, எங்கே கேட்பது? சம்பளத்தில் இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டா பாருங்கள். இருந்தால் அங்கேதான் கேட்க வேண்டும், அங்கேயும் கேட்டு, தனியாக முதலாளியிடம் இழப்பீடும் கேட்க முடியாது. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர பாதிப்பு என்று மருத்துவக் குழு சொன்னால் மாதாமாதம் தொகை வரும். சிகிச்சையில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கவும் கூடாது. பிடித்தமே இல்லையா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஷாப்பில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவரைப் பதிவு செய்யாதது அவர்கள் குற்றம், உங்கள் நஷ்டமாகாது. காண்ட்ராக்ட் ஆள் என்று ஷாப் முதலாளி கைகழுவவும் முடியாது. இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். இஎஸ்ஐ வரம்புக்கே வராதவர் என்றால்தான் தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். அங்கே கெடு உண்டு. நோயால் வேலைக்குப் போகாமல் நின்ற முதல் நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதில் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. மனுவில் எந்தப் பிரிவைப் போடுவது என்பது வக்கீல் கவலை. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். புண்ணைத் தேதியோடு போட்டோ எடுத்து, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகத்தையும் மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.