நடையையும் மருந்தைப் போல் அளந்து தர வேண்டும்

பினாங்கில் இயன்முறைச் சிகிச்சை அளித்துவரும் நான், உடலியக்கத்தை மருத்துவத்தின் பகுதியாக்குவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): எனக்கு வயது 58, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. கிளினிக்கில் "நடங்கள்" என்கிறார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: மாத்திரைக்குக் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதித் தருபவர்கள் நடைக்கும் அவ்வாறே எழுதித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தையும், இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். இயங்கும் தசை இன்சுலினின் துணையில்லாமலும் இரத்தச் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்வதால், இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பதுகூடச் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். அந்த நன்மை ஓரிரு நாளில் தேய்ந்துவிடும்; ஆகையால் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் நடையை விடாதீர்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவராயின், இரத்தச் சர்க்கரை அளவு 5 mmol/L-க்குக் கீழே இருக்கையில் எதுவும் உண்ணாமல் புறப்படக் கூடாது. வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் உள்ளதா என்று தவறாமல் பாருங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): எனக்கு முழங்கால் தேய்மானம். தண்ணீர்மலைக் கோயில் படிகளில் ஏறலாமா, ஓய்வெடுப்பதா?

பதில்: நீண்ட ஓய்வு தொடைத் தசையை நலியச் செய்து வலியைக் கூட்டும். எனினும் 513 படிகள் தொடக்கப் பயிற்சியாகா. இறங்கும்போது மூட்டு தாங்கும் சுமை மிகுதி. கர்னி டிரைவ் கடற்கரை போன்ற சமதளத்தில் நடங்கள். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். முருகன் காத்திருப்பார்.

கேள்வி (பிறை): நான் லாரி ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை பூப்பந்து ஆடுவது போதாதா?

பதில்: அந்த ஆட்டமும் கணக்கில் சேரும். ஆனால் உங்கள் தொழில்தான் இந்த அறிவியலின் பிறப்பிடம் என்பேன். லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் 1953-இல் வெளியிட்டார். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் நடந்தாலும் பயனுண்டு; குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆட்டத்தின் நடுவே நெஞ்சு இறுகினால் மட்டையை வைத்துவிட்டு உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். அடுத்த ஞாயிறு வரை பொறுக்காதீர்கள்.