படமும் சொல்லும்: வாசகர் கேள்விகள்

பாட வீடியோ தயாரிக்கும்போது சிலைடில் எழுதியதையே வாசித்துக் குரல் பதிவு செய்கிறேன். சரிதானே? (ஏறாவூர்)

சரியில்லை. படம் அசையும்போது கீழே நாலு வரியும் நின்றால் பிள்ளையின் கண் எதைப் பார்க்கும்? குரல் சொல்வதைக் காது பார்த்துக்கொள்ளும். புதிய கலைச்சொல்லை மட்டும் எழுதிக் காட்டுங்கள். இரண்டாம் மொழிச் சிங்களம் என்றால் கதை வேறு. அங்கே கேட்டதை எழுத்திலும் பார்ப்பது உதவும்.

பின்னணி இசை? (கல்முனை)

வேண்டாம். 2000இல் கல்வி உளவியலாளர்களான மொரேனோவும் மேயரும் மின்னல் உண்டாவதை விளக்கும் அசைபடத்தில் இசை சேர்த்துப் பார்த்தார்கள். இசையோடு பார்த்தவர்களுக்குப் பாடம் குறைவாகத்தான் நினைவில் நின்றது.

இதயப் படத்தில் இடமில்லை. இலக்கமிட்டு, பெயர்களை மறுபக்கத்தில் போடலாமா? (அக்கரைப்பற்று)

இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்! பெயர் படத்தின் மேலேயே இருக்கட்டும். அண்மையில் தரம் 9 பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 6 என்ற இலக்கத்தில் விரலை வைத்தாள். தாளைப் புரட்டி, 'இடது இதயவறை' என்று வாசித்தாள். திரும்பி வந்தபோது விரல் 5இல் நின்றது. பத்து நிமிடம் இப்படியே போனது. அவள் படித்தது இதயத்தையல்ல, தாள் புரட்டுவதை. ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைக்க முடிவது நாலைந்து விடயம். அதில் பாதியை இலக்கம் தேடவே செலவழிக்க வைக்கிறோம். இடமில்லையென்றால் படத்தைப் பெரிதாக்குங்கள், இல்லையேல் இரண்டாகப் பிரியுங்கள். நிறத்தை நம்பிக் குறிப்புப் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: போட்டோ கொப்பி எடுத்ததும் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல்தான். பரீட்சைத் தாளில் இலக்கம் போடுங்கள், அது சோதிக்கிற இடம். கற்பிக்கிற தாளில் பெயர் படத்தின் மேலேயே.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த வகுப்பு, என்ன பாடம்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? பொதுவாக ஐந்தாறு நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். அடுத்த துண்டைப் பிள்ளையே தட்டித் தொடங்கட்டும்.

கண்டல் தாவரப் பாடத்தின் தொடக்கத்தில் கல்லடிப் பாலத்தின் படம் வைத்தேன். அழகாக இருக்கிறது. அப்புறம் வேறென்ன சேர்க்கலாம்? (கொக்கட்டிச்சோலை)

முதலில் பாலத்தின் படத்தை நீக்குங்கள், அழகானாலும் பாடத்தோடு அதற்குத் தொடர்பில்லை. வாவிக் கரைச் சேற்றில் பென்சில் நட்டதுபோல் நிற்கும் மூச்சு வேர்களைக் கிட்ட நின்று படம் எடுத்து வையுங்கள். 'சேற்றில் காற்றில்லை, அதனால் வேர் மேலே வருகிறது' என்ற வரியை வேரின் பக்கத்திலேயே எழுதுங்கள். படத்துக்குக் கீழே அல்ல.