மீன் குஞ்சுகளுக்கு இரையாகக் கொடுக்க ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி) முட்டைகளை வீட்டில் பொரிய வைக்கிறேன். பாதிகூடப் பொரிவதில்லை, பொரிந்ததைக் கொடுத்தால் மீன் குஞ்சுகள் சில இறக்கின்றன. எங்கே பிழை?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். முட்டை பொரியாதது பெரும்பாலும் முட்டையின் பழமையாலோ நீரின் தன்மையாலோ நேர்வது. மீன் குஞ்சுகள் இறப்பது, பொரிந்தவற்றை ஓடுகளிலிருந்து பிரித்தெடுக்கும் முறையில் நேரும் பிழையாக இருக்கலாம். சென்னையில் மொட்டைமாடித் தொட்டிகளில் சில ஆண்டுகளாக ஃபைட்டர் மீன்களை இனப்பெருக்கம் செய்துவரும் எனக்கு இரண்டுமே நேர்ந்திருக்கின்றன.

முதலில் முட்டையைப் பற்றிச் சொல்கிறேன். டப்பாவில் பழுப்புத் தூளாக இருப்பது, கருவளர்ச்சி பாதியில் நின்று, உலர்ந்து, உறங்கிக்கொண்டிருக்கும் உயிர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பெரும் உப்பு ஏரியில் அறுவடை செய்யப்படும் முட்டைகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. (நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு, அங்கே ஆண் துணையின்றிப் பெண் மட்டுமே பெருகும் வகை பதிவாகியிருக்கிறது.) உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் இந்த முட்டைக்குப் பகை ஈரப்பதம்தான். பொரியப் போதாத அளவு ஈரம் உள்ளே புகுந்தால், உறக்கம் கலைந்த கரு தன் சேமிப்பைச் சிறிது சிறிதாகச் செலவழித்து, பிறகு உரிய நீரில் இட்டாலும் ஓட்டை உடைத்து வெளிவர வலுவில்லாமல் போய்விடுகிறது. கடற்கரை நகரத்தின் காற்றில் மூடியைச் சரியாக இறுக்காத டப்பாவுக்கு இதுவே நேரும். கடையில் பெரிய டப்பாவைத் திறந்து பொட்டலம் கட்டித் தருவதை நான் வாங்குவதில்லை. சிறிய, முத்திரையிட்ட டப்பாவை வாங்கி, திறந்தபின் காற்றுப் புகாத புட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன்.

நீரைப் பொறுத்தவரை, ஒரு லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு போதும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள். நீர் சற்றே காரத்தன்மையுடன், pH 8-க்கு மேல் இருக்க வேண்டும். ஐயமிருந்தால் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்க்கலாம். வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டரே தேவைப்படாது; மே மாதத்தில்தான் புட்டியை வீட்டின் குளிர்ச்சியான மூலைக்கு நகர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்தினால் கூம்பு வடிவக் கலன் கிடைத்துவிடும். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி முட்டை ஒரு வீட்டுக்குத் தாராளம். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். காற்றுக் குழாயின் முனை கூம்பின் அடியைத் தொட வேண்டும், அதில் ஏர் ஸ்டோன் (காற்றை நுண்குமிழிகளாகப் பிரிக்கும் கல்) மாட்டக்கூடாது. நுண்குமிழிகள் நுரை கட்டி முட்டைகளைப் புட்டியின் சுவரில் ஒட்டவைத்துவிடும். ஒட்டியவை நீருக்கு மேலேயே காய்ந்து கிடக்கும். பொரியாத பாதி அங்கேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முட்டை நனைந்த தொடக்க மணி நேரங்களில் நல்ல வெளிச்சம் பட்டால்தான் கரு விழிக்கிறது என்பதால், அருகில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். 18 முதல் 24 மணி நேரத்தில் நீர் செம்மஞ்சளாக மாறும்.

என் குஞ்சுகள் இறந்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். முதல்முறை பொரிந்த மகிழ்ச்சியில், ஓடுகளோடும் உப்புநீரோடும் அப்படியே ஒரு கோப்பை அள்ளித் தொட்டியில் ஊற்றினேன். செரிக்காத ஓடுகளை விழுங்கிய குஞ்சுகள் வயிறு உப்பி, மூன்று நாட்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. இப்போது காற்றை நிறுத்திவிட்டு, கூம்பின் அடியருகே டார்ச் வெளிச்சம் காட்டிப் பத்து நிமிடம் காத்திருக்கிறேன். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் படியும், ஒளியை நாடும் இளவுயிரிகள் அவற்றுக்குச் சற்று மேலே செம்மஞ்சள் மேகமாகத் திரளும். அந்த மேகத்தை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமாக நெய்த பருத்திக் கைக்குட்டையில் வடிகட்டி, நன்னீரில் அலசிக் கொடுக்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால், காற்றில்லாமல் அவையே மூச்சடைத்து இறக்கத் தொடங்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். பொரிந்த இளவுயிரிக்கு முதலில் வாயும் குடலும் இயங்குவதில்லை. உடலில் உள்ள மஞ்சள் கருவைக்கொண்டே வாழ்கிறது. சுமார் அரை நாளில் முதல் தோலை உரித்து, அளவில் பெரிதாகி, சத்தில் குறைந்துவிடுகிறது. ஆகவே பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பதே சிறந்தது. மிஞ்சியதை அலசி, சிறிதளவு உப்புநீரில் அகலமான தட்டில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும்.

கொடுக்கும் அளவிலும் கஞ்சத்தனம் நல்லது. நன்னீரில் சில மணி நேரமே உயிர் வாழும் இவை, இறந்தபின் தொட்டியைக் கெடுத்துவிடும். உங்கள் மீன் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய முதல் ஓரிரு நாட்களே ஆனவை என்றால், அரை மில்லிமீட்டருக்கு நெருங்கிய இந்த இரை சிலவற்றின் வாய்க்குப் பெரிதாக இருக்கலாம். அதுவரை இன்ஃபுசோரியா (நீரில் வாழும் மிக நுண்ணிய உயிரிகள்) கொடுத்து, பிறகு மாற்றுங்கள். சரியாகத் தின்ற குஞ்சின் வயிறு செம்மஞ்சள் பொட்டாக வெளியிலிருந்தே தெரியும்.