பழைய தமிழ்க் கவிதைத் தொகுப்புகளின் முதற்பதிப்புகளையும் கவிஞர் கையெழுத்திட்ட பிரதிகளையும் சேகரிக்க ஆசை. எங்கே தொடங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஒரு காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவிதை நூல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையுமே தவிர, எது அரியது, எது எங்கும் கிடைப்பது என்று கண் பழகாது. நான் பிடித்துக்கொண்டது சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கிய 1959 முதல் எண்பதுகளின் முற்பாதி வரையிலான புதுக்கவிதை. 1962இல் எழுத்து பிரசுரமாக வந்த ‘புதுக்குரல்கள்’, அதே ஆண்டு ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, 1972இல் பிரமிளின் ‘கண்ணாடியுள்ளிருந்து’, 1973இல் ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’, 1981இல் ஆத்மாநாமின் ‘காகிதத்தில் ஒரு கோடு’. ஆத்மாநாம் உயிரோடு இருந்தபோது வந்த தொகுப்பு அந்த ஒன்றுதான். 1984இல் போய்விட்டார். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் மெல்லிய அட்டையும் சாதாரணத் தாளுமாக, குறைந்த பிரதிகளே அச்சாகி, நண்பர்கள் கை வழியாகவே போனவை. அதனால்தான் இன்று தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து, ‘முதற்பதிப்பு’ என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். நம் பதிப்பகங்கள் வேறொருவர் முன்பு போட்ட நூலை வாங்கிப் போடும்போதும் தங்கள் கணக்கில் ‘முதற்பதிப்பு’ என்றே அச்சிடுவது வழக்கம். பதிப்பு விவரப் பக்கத்தில் பதிப்பகம், அச்சகம், ஆண்டு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆண்டு இல்லாத நூல்களும் நிறைய. அங்கே வேறு தடயங்கள் உதவும்.

விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்று இருந்தால் அதற்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ‘சென்னை-5’ என்று மட்டும் இருப்பதற்கும் ‘600 005’ என்று ஆறு இலக்கம் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அஞ்சல் குறியீட்டு எண் வந்ததே 1972 ஆகஸ்டில்தான். ஆறு இலக்கம் இருந்துகொண்டு அறுபதுகளின் நூல் என்று யாராவது சொன்னால் வைத்துவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த தடயம் எழுத்துருவம். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை லை, னை, ளை, ணை ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடுதான் பொதுவாக அச்சாயின. ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்தே இருந்தன. ‘வாழ்க்கை’யில் வரும் கை அன்றும் இன்றும் ஒன்றுதான், ‘மாலை’, ‘யானை’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் புதிய வடிவத்தைப் பயன்படுத்தினார். அதனால் திராவிட இயக்க வெளியீடுகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. 1978க்குப் பிறகும் பழைய அச்செழுத்து கையிலிருந்த சிறிய அச்சகங்கள் அதையே கோர்த்துக்கொண்டிருந்தன. ஆகவே பழைய வடிவம் இருப்பதால் மட்டும் நூல் பழையதாகிவிடாது. புதிய வடிவம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தாளையும் தடவிப் பாருங்கள். ஈய அச்செழுத்துகளைக் கோர்த்து அடித்த பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தால் எழுத்துகள் மறுபக்கம் லேசாகப் புடைத்திருக்கும். ஆஃப்செட்டில் அப்படியே நகலெடுத்துப் போட்ட பதிப்பில் பக்கம் வழவழவென்று தட்டையாக இருக்கும்.

சில நூல்களுக்கு உள்ளடக்கமே சாட்சி. பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்டது. வ. வே. சு. ஐயரின் புகழ்பெற்ற முன்னுரை 1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்டது. அந்த முன்னுரையோடு ஒரு பிரதி கிடைத்தால் அதுவும் பெரும் புதையல்தான், ஆனால் முதற்பதிப்பு அல்ல. பிரமிளுக்கு அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள். தருமு சிவராமு தொடங்கி அவர் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தவர். எந்தக் காலத்தில் எந்தப் பெயர் என்று சிற்றிதழ்களோடு ஒப்பிட்டு வைத்திருந்தால் பிரதியின் காலம் பிடிபடும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். வெறும் கையெழுத்தைவிட, இன்னாருக்கு என்று பெயர் எழுதி, தேதி போட்டுக் கொடுத்த பிரதியையே நான் மதிக்கிறேன். ஒரு கவிஞர் யாருக்குத் தன் நூலைக் கொடுத்தார் என்பது அந்தக் காலத்து இலக்கிய உறவுகளின் நேரடி ஆவணம். தேதி கவிஞரின் காலத்துக்குள் அடங்குகிறதா, கையெழுத்து அவருடைய கடிதங்களின் நகல்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய தாளில் ஊற்றுப்பேனா மை கொஞ்சமாவது கசிந்து பின்பக்கம் நிழலாடும்.

என்னிடம் எழுபதுகளில் வந்த சிறு தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் கவிஞர் முதல் பக்கத்தில் நண்பருக்கு ‘அன்புடன்’ என்று எழுதியதோடு நிற்காமல், உள்ளே ஒரு கவிதையில் ‘மலை’ என்று அச்சாகியிருந்ததை நீல மையால் ‘மழை’ என்று திருத்தியிருக்கிறார். பின்னால் வந்த முழுத்தொகுப்பில் அந்த வரி இன்னமும் ‘மலை’ என்றே இருக்கிறது. அந்தக் கவிதையை அவர் நினைத்தபடி வாசிக்க எனக்குத் தெரிந்து இந்த ஒரு பிரதிதான் வழி. இப்படிப்பட்ட பேனாக் கிறுக்கல்களை ‘அழுக்கு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கே கிடைக்கும்? சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை இன்றும் நல்ல இடம். புத்தகக் காட்சி நடக்கும் நாள்களில் உள்ளே போகுமுன் வெளியே பிளாட்பாரத்தில் விரித்திருப்பதைப் பாருங்கள். கோவையில் உக்கடம். ஆனால் நல்ல பிரதிகள் பெரும்பாலும் தமிழாசிரியர்களின் வீடுகளிலிருந்து வருகின்றன. ஆசிரியர் காலமானதும் வீட்டைக் காலி செய்பவர்கள் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பழைய பேப்பர் கடைக்காரரோடு பழக்கம் வைத்துக்கொள்வது வீண்போகாது. வாழும் கவிஞர்களின் நூலை வெளியீட்டு விழாவிலேயே வாங்கி, தேதியும் ஊரும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். நூலக முத்திரை இருந்து, நீக்கம் செய்ததற்கான முத்திரை இல்லாத பிரதியை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பராமரிப்பில் ஒன்றுதான் வற்புறுத்துவேன்: செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு நூலால் தைத்துக்கொள்ளலாம்.

ஈழத்துக் கவிதை நூல் எது கண்ணில் பட்டாலும் யோசிக்காமல் வாங்குங்கள். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதற்குப் பின் போரும் இடப்பெயர்வும் வீட்டு அலமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’, 1986இல் வந்த பெண் கவிஞர்களின் ‘சொல்லாத சேதிகள்’ போன்றவற்றின் முதற்பதிப்புகள் கையில் கிடைப்பதே அரிது. கிடைத்தால், ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் பாதுகாக்கும் ‘நூலகம்’ திட்டத்தின் இணையதளத்தில் அந்த நூல் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரப் பக்கம் உட்பட எதையும் விடாமல் ஸ்கேன் செய்து அவர்களுக்கு எழுதிக் கேட்டு அனுப்புங்கள். தமிழகத்து நூல்களானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு, அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருந்தால் தெரிவியுங்கள்.