‘பேசாமல் விட்டுவிடுங்கள்’ என்கிறார்கள், விடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் நியூயார்க் நகரத்தில் மூன்று வருடமாக ஃபாஸ்டர் பெற்றோராக (அரசு ஒப்படைக்கும் குழந்தைகளைத் தற்காலிகமாக வளர்ப்பவர்களாக) இருக்கிறோம். போன வருடம் ஆறு வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் வந்தான். இரண்டடுக்குக் கட்டிலின் ஏணியில் வழுக்கி விழுந்ததில் அவன் தொடை கன்றிப்போனது. பள்ளியில் டீச்சர் கேட்டதற்கு “ஆன்ட்டி தள்ளிவிட்டாங்க” என்று சொல்லியிருக்கிறான். அன்று இரவே குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, என் மீதான புகார் ‘இன்டிகேட்டட்’ என்று கடிதம் வந்திருக்கிறது. நான் வேலை பார்ப்பது டேகேரில். “எதிர்த்தால் பெரிதாகும், பேசாமல் விட்டுவிடுங்கள்” என்கிறார் எங்கள் ஏஜென்சியின் கேஸ் வொர்க்கர். என்ன செய்யட்டும்?
– வாசகி, குவீன்ஸ்

பதில்: விடாதீர்கள். முதலில் அந்தக் கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து 90 நாளுக்குள், குழந்தைகளை மோசமாக நடத்தியதாக வரும் புகார்களைப் பதிந்து வைக்கும் மாநிலப் பதிவேட்டுக்கு “இந்த முடிவை மாற்றுங்கள்” என்று நீங்கள் எழுத்தில் கேட்டாக வேண்டும். காரணத்தையெல்லாம் விரிவாக எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், இரண்டு வரி போதும், ஆனால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

‘இன்டிகேட்டட்’ என்றால் கோர்ட் தீர்ப்பு இல்லை. புகார் வந்ததும் விசாரிக்கப் போகும் அதிகாரி, 60 நாளுக்குள் ‘ஆதாரம் இருக்கிறது’ அல்லது ‘ஆதாரம் இல்லை’ என்று ஒன்றை எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கு முன்னால் எந்த நீதிபதியும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு சொல், புகாரில் பெயர் உள்ள குழந்தைகளில் இளைய குழந்தைக்கு 28 வயது ஆகும்வரை பதிவேட்டில் இருக்கும். உங்கள் விஷயத்தில் இன்னும் இருபது வருடத்துக்கு மேல். டேகேர் வேலை, ஃபாஸ்டர் அனுமதி, தத்தெடுப்பு என்று எதற்கு விசாரித்தாலும் அது எதிரே வந்து நிற்கலாம். அதனால்தான், கேஸ் வொர்க்கர் சொன்னது நல்ல மனதோடு சொன்னதாகவே இருந்தாலும் தவறான யோசனை என்கிறேன்.

எதிர்த்துக் கேட்டால் ஏதாவது நடக்குமா என்று உங்களுக்குத் தோன்றும். நடந்திருக்கிறது. பழைய நியூயார்க் சட்டத்தில் ‘நம்பத்தகுந்த ஆதாரம் ஏதோ கொஞ்சம்’ இருந்தாலே போதும், பெயர் ஏறிவிடும். 1994-ல் வால்மான்ட்டே எதிர் பேன் என்ற வழக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அலசியபோது தெரியவந்தது என்ன தெரியுமா, பெயரை நீக்கக் கேட்டவர்களில் ஏறக்குறைய 75 சதவீதம் பேர் கடைசியில் ஜெயித்திருக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தில் ஃபாஸ்டர் பெற்றோரும் குழந்தைப் பராமரிப்பு ஊழியர்களும் சேர்ந்து போட்ட டுபுய் வழக்கிலும் இதே கதை, அங்கேயும் எதிர்க்கப்பட்ட முடிவுகளில் முக்கால்வாசி நிற்கவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது ஜெயித்தவர்களைப் பற்றி இல்லை, கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ என்பதுதான்.

2022 ஜனவரி 1 முதல் நியூயார்க்கில் அளவுகோல் மாறியிருக்கிறது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தராசு ஒரு பக்கம் சாய்ந்தால்தான் இன்டிகேட்டட். நீங்கள் மனு கொடுத்ததும் ஃபைலை முதலில் உள்ளுக்குள்ளேயே பார்ப்பார்கள், மாற்றாவிட்டால் நிர்வாக நீதிபதி முன் விசாரணை நடக்கும். அங்கே நிரூபிக்க வேண்டியது புகாரை விசாரித்த துறை, நீங்கள் இல்லை. புகார் கொடுத்தவர் யார் என்பதைத் தவிர்த்து அறிக்கையின் நகல் உங்களுக்குக் கிடைக்கும், உடனே கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் பேச வருமே என்று தைரியமாகப் போகாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ‘பிடித்தேன்’, ‘இழுத்தேன்’, ‘தள்ளினேன்’ மூன்றும் பதற்றத்தில் ஒரே ஆங்கிலச் சொல்லாகப் போய் விழுந்துவிடும். அங்கேயும் தோற்றால் நாலு மாதத்துக்குள் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் (பெயர்தான் உச்ச நீதிமன்றம், அந்த மாநிலத்தில் அது கீழ்நிலைக் கோர்ட்).

இப்போது ஒரு கேள்வி, மனசுக்குள் உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அன்றைக்கோ வேறு என்றைக்கோ அந்தப் பையன் மேல் கை வைத்தீர்களா? நம் வீடுகளில் ஒரு அடியை யாரும் அடியாகவே எண்ணுவதில்லை. ஃபாஸ்டர் பெற்றோருக்கு அங்கே அடிக்கவே அனுமதி இல்லை, அதை ஒப்புக்கொண்டுதான் குழந்தையை வாங்கியிருப்பீர்கள். இருந்தாலும் அந்த விதியை மீறியது வேறு, சட்டப்படி ‘மோசமாக நடத்தியது’ வேறு. இரண்டாவதற்குக் குழந்தை பாதிக்கப்பட்டது அல்லது பாதிக்கப்படும் ஆபத்து கண்முன்னே இருந்தது என்று காட்ட வேண்டும். 2004-ல் நிக்கல்சன் வழக்கில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. நடந்ததை வக்கீலிடம் மறைக்காதீர்கள். இந்த விசாரணைக்கு அரசு தானாக வக்கீல் வைத்துத் தராது, சட்ட உதவி அமைப்புகளையும் சட்டக் கல்லூரி கிளினிக்குகளையும் இந்த வாரமே தொடர்புகொள்ளுங்கள்.

ஏணியின் படம், டாக்டர் குறிப்பு, விழுந்த அன்று ஏஜென்சிக்கு அனுப்பிய மெசேஜ், கேஸ் வொர்க்கர் வந்துபோன தேதிகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். அந்த டீச்சரைப் பார்த்துப் பேசப் போக வேண்டாம். பையனுக்கு யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம். அவன் பொய் சொன்னான் என்று எங்கேயும் எழுத வேண்டாம். வீடு மாறி மாறி வந்த ஆறு வயதுக் குழந்தை, யாரோ கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஃபாஸ்டர் வீடுகளில் நிஜமாகவே அடி வாங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள், அதனால் அந்த டீச்சர் புகார் கொடுத்ததும் சரிதான்.

அப்புறம், பையனைத் திரும்பக் கேட்பது தனி வழி. பதிவேட்டு மனு அதற்கு உதவாது. சாதாரணமாகக் குழந்தையைக் கூட்டிப்போக 10 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், ஆபத்து என்று கருதினால் உடனே கூட்டிப்போகலாம், உங்களுக்கு நடந்தது அதுதான். அதை எதிர்த்துக் கலந்தாய்வும் பிறகு விசாரணையும் கேட்கலாம், அதற்கு அவகாசம் இன்னும் குறைவு. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் ஃபாஸ்டர் குடும்பங்களின் வழக்கில் இந்த ஏற்பாடே போதுமானது என்று சொல்லிவிட்டது, பெற்ற தாய் தகப்பனுக்கு உள்ள உரிமை நமக்கு இல்லை. அவன் திரும்பி வருவான் என்று என்னால் சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள்.

கேள்வி: வளர்ப்புப் பராமரிப்பில் எங்களிடம் இருந்த சிறுமியை, அக்கம்பக்கத்தார் புகாரைக் கேட்டுக் குழந்தைகள் நலக் குழு திரும்ப அழைத்துக்கொண்டது. கோர்ட்டுக்குப் போகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நேராகக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவில், குழுவின் பெரும்பாலான உத்தரவுகளுக்கு மேல்முறையீடு குழந்தைகள் நீதிமன்றத்தில். வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய முடிவுக்கோ மாவட்ட ஆட்சியரிடம். உத்தரவு தேதியிலிருந்து 30 நாள்தான். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் எழுத்தில் உத்தரவு கேளுங்கள், மனு கொடுக்கும்போது உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை விழாமல் கலெக்டர் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.